குஞ்சுத் தீவனத்தில் சுண்ணாம்பு

என் மனைவி தேவிப்ரியாவுக்கு எதையும் பூட்டி வைக்கத் தெரியாது. ஸ்கூட்டியின் சாவி அதிலேயேதான் தொங்கும். அவசரமென்றால் தெருவில் யாரும் எடுத்துப் போகலாம். புதுச்சத்திரத்தில் ஒரு கோழித் தீவன மில்லுக்கு அவள் எழுதிய புரோகிராமும் அதே லட்சணம். கலவையில் சேர வேண்டிய சுண்ணாம்புத் தூளின் அளவை, எல்லாத் தீவனத்துக்கும் பொதுவாக ஒரே வேரியபிளில், அதாவது எண்ணைப் போட்டு வைக்கும் ஒரே பெட்டியில், வைத்திருந்தாள். புரோகிராமின் எந்த மூலையிலிருந்தும் அதை எடுக்கலாம், மாற்றலாம்.

முட்டைக்கோழிக்குச் சுண்ணாம்பு நிறைய வேண்டும். குஞ்சுக்கு அவ்வளவு கொடுத்தால் சிறுநீரகம் கெட்டுவிடும். போன ஆடியில் மில்லில் புதுக் குஞ்சுத் தீவனம் ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்கு அளவு போட இவள் மறந்துவிட்டாள். மிஷின் அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால், முன்பு அரைத்த முட்டைக்கோழித் தீவனத்தின் அளவு அந்த வேரியபிளில் அப்படியே கிடந்ததால், அதை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. மறுநாள் இவள் கண்டுபிடித்தபோது, மூட்டைகள் பாப்பாயி அக்காவின் பண்ணைக்குப் போய்விட்டன. அக்கா அன்று காலையில்தான் முதன்முதலாகக் குஞ்சு இறக்கியிருந்தார். போனை எடுக்கவில்லை.

நேரில் சொல்லக் கிளம்பினோம். தேவிப்ரியா என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதாள். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மில் முதலாளி ஜெகதீஸ்வரன் போனில், "மிஷின் கோளாறுன்னு சொல்லிக்கலாம்மா" என்றார்.

கொட்டகையில் அக்கா பேப்பர் விரித்து மக்காச்சோளக் குருணை தூவிக்கொண்டிருந்தார். குஞ்சு வந்த முதல் நாள் வெல்லத் தண்ணீரும் குருணையும்தான் எங்கள் பக்கத்து வழக்கம். மூட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அந்தத் தீவனத்தப் போட்றாதீங்க அக்கா. நான் எழுதுனதுல தப்புங்க. மிஷின் மேல தப்பில்லீங்க" என்றாள் தேவிப்ரியா.

"நாளைக்குக் காலைல பிரிச்சிருப்பேன்" என்றார் அக்கா.

அன்று மதியமே அந்தப் பொது வேரியபிளைத் தூக்கிவிட்டாள். இப்போது ஒவ்வொரு தீவனத்தின் அளவும் அதன் கலவைக்குள்ளேயே பிறக்கிறது, கலவை முடிந்ததும் அங்கேயே ஒழிகிறது. அடுத்த கலவையின் கண்ணில் படாது. அளவு போடாவிட்டால் மிஷின் ஓடாது.

மறுநாள் விடிந்ததும் புது மூட்டையை நாங்களே கொண்டுபோனோம். அக்கா அதைத் தொடாமல் நின்றார்.

"இத நம்பலாமா, சாமி?" என்று தேவிப்ரியாவிடம் கேட்டார்.

எல்லாம் சரிசெய்துவிட்டேன் என்பாள் என்று நினைத்தேன்.

"பத்துத் தடவ பாத்துட்டேனுங்க. அப்படியும் பயமாத்தான் இருக்குது. குஞ்சு பெருசாவற வரைக்கும் தெனமும் வாரேனுங்க."

அக்கா குனிந்து மூட்டையின் தையல் நூலை உருவினார்.