மூன்று மணிக்கு மேடம் என்ன செய்தாள்

என் வாழ்க்கையில் நான் டைரி எழுதியது இரண்டே நாள். இரண்டும் ஒரு நாயைப் பற்றியவை. அதில் ஒரு நாள் பொய்.

பெங்களூர் ஆடுகோடியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் பத்து மாதக் குட்டி. குட்டி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சாப்பாட்டு மேசையில் இருக்கும் தயிரை அப்போதே எம்பாமல், குனிந்து நக்குவாள். கிரேட் டேன் ஜாதி. வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போன ஆபீஸ் நண்பர் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லி விட்டுப் போனார். அந்தக் கொஞ்ச நாள் ஆறு வருடத்துக்கு மேல் நீண்டது.

அவளுக்கு ஒரு பேர் இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொன்னதில்லை. காலையில் அவள் என்னை இழுத்துக்கொண்டு போகும்போது, வெல்டிங் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மேடம் ஹொரட்ரு" என்பார், மேடம் கிளம்பிவிட்டார்கள் என்று. அப்படியே மேடம் ஆகிவிட்டாள். என்னை மேடம் வீட்டு ஆள் என்று அடையாளம் சொல்வார்கள். பதினைந்து வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறேன். என் பேர் இன்றைக்கும் அங்கே யாருக்கும் தெரியாது.

அவளுக்கு நாலு வயது ஆனபோதுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. இந்த மாதிரி பெரிய உடம்பு நாய்களுக்கு ஆயுசு குறைவு. ஏழு, எட்டு வயது போனாலே பெரிது. அதாவது அவளும் என்னைப் போல நடுவயதுக்காரி. எனக்குத் தொப்பையும் வழுக்கையும் வந்து எச்சரித்தன. அவளுக்கு ஒன்றுமே வரவில்லை, பளபளவென்று இருந்தாள். அவள் போனபிறகு வீட்டில் அவளுடையதாக ஏதாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு பெண் குட்டி போதும். அதே மாதிரி தலையைச் சாய்த்துப் பார்க்கிற ஒன்று.

பிரேசர் டவுனில் ஒருவர் ஆண் டேன் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ரிட்டயர்டான கணக்கு வாத்தியார், வெள்ளை பனியன், கறாரான முகம். அரைக்கிலோ மைசூர்பாக்கோடு போயிருந்தேன். ஒரு துண்டை நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "எக்ஸ்ரே எங்க சார்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். பெரிய ஜாதி நாய்களுக்கு இடுப்பு மூட்டு சரியாக உட்காராமல் இருக்கலாம், இதயம் பலூன் மாதிரி வீங்கிப் பலவீனமாகலாம். வெளியே எதுவும் தெரியாது. பரிசோதிக்காமல் இணை சேர்த்தால் குட்டிகளுக்கும் அந்தக் கோளாறு போகும். இவருடைய நாயின் அப்பனும் இவரிடம்தான் இருந்ததாம். ஐந்து வயதில், பால்காரரைப் பார்த்து வாலாட்டிக்கொண்டே கேட் பக்கத்தில் விழுந்து செத்தது. அதைச் சொன்னபோது மட்டும் குரல் கணக்கு வாத்தியாருடையதாக இல்லை. தன் நாயின் காகிதங்களை ஒரு ஃபைலில் போட்டு என் முன்னால் வைத்தார். என்னிடம் இருந்தது மைசூர்பாக் டப்பா மட்டும்தான்.

இடுப்பு எக்ஸ்ரே முதலில் நடந்தது. மயக்க ஊசி போட்டு அவளை மேசைமேல் தூக்கி வைக்க நாலு பேர் பிடித்தோம். அவள் இடுப்பு பாஸ். என் இடுப்பு அன்றைக்குப் பிடித்துக்கொண்டது, மூன்று வாரம் பெல்ட் போட்டேன்.

அடுத்தது இதயம். அதற்கு ஒரு சின்னப் பெட்டி. மார்பில் இரண்டு பக்கமும் முடியை மழித்து, ஒயர் ஒட்டி, அந்தப் பெட்டியை உடம்போடு கட்டிவிடுவார்கள். ஒருநாள் முழுக்க அது ஒவ்வொரு துடிப்பையும் பதிந்துகொண்டே இருக்கும். நாய் அந்தந்த நேரத்தில் என்ன செய்தது என்று வீட்டுக்காரர் எழுத வேண்டும். ஓடும்போது இதயம் எகிறினால் பரவாயில்லை, சும்மா படுத்திருக்கும்போது தாறுமாறாக ஓடினால்தான் கவலை. டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். "பரீபேகு சார். எல்லாத்தையும் எழுதணும். மூச்சா போனாக்கூட" என்றார்.

பெட்டி மேல் போடுகிற சட்டை எதுவும் அவளுக்குப் பத்தவில்லை. கடைசியில் என் மாரத்தான் டி-ஷர்ட்டை மாட்டினோம். ஆபீசில் பேர் கொடுத்தவர்களுக்கெல்லாம் தந்தது. நான் ஓடவில்லை, டி-ஷர்ட்டை மட்டும் வாங்கி வந்தேன். எனக்கு வயிற்றில் இறுகும் அது, அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. அதோடு தெருவில் நடந்தாள். வெல்டிங் கடைக்காரர், இப்போதாவது அந்தச் சட்டைக்கு மரியாதை வந்ததே என்றார்.

அது ஞாயிற்றுக்கிழமை. மனைவி மல்லேஸ்வரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு மணி வரை ஒழுங்காக எழுதினேன். பிறகு பிரியாணி சாப்பிட்டேன். அதற்கப்புறம் நான் பொறுப்பல்ல. கண் விழித்தபோது மணி நாலே கால். மேடம் என் தலைமாட்டில் நின்று, இவன் இருக்கிறானா இல்லையா என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டிலிருந்து நாலு வரைக்கும் ஒரே கோடு இழுத்து, "தூக்கம்" என்று எழுதினேன். யாருடைய தூக்கம் என்று எழுதவில்லை.

புதன்கிழமை நானும் மனைவியும் மேடத்தோடு போய் உட்கார்ந்தோம். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் கோடுகளை நகர்த்திக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"மூணு மணிக்கு மேல கொஞ்ச நேரம் துடிப்பு சரியில்ல சார். ரொம்ப வேகமாவும் போயிருக்கு. நீங்க தூக்கம்னு எழுதியிருக்கீங்க. நிஜமா தூங்கிட்டிருந்தாளா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் என் பெண் குட்டி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. "இல்ல டாக்டர், இப்பதான் ஞாபகம் வருது. பூனையைத் துரத்தினா" என்றேன். தயங்காமல் வந்தது. ஆபீசில் இந்த வேகத்தில் பதில் சொல்லியிருந்தால் எப்போதோ பிரமோஷன் வந்திருக்கும். ஓட்டமும் பதற்றமும் இருந்திருந்தால் வேறு கணக்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் குறித்துக்கொண்டார்.

எங்கள் வேன் ஓசூர் ரோட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"எந்தப் பூனைங்க?"

"கருப்புப் பூனை."

"இவ வந்த மறுவாரமே நம்ம தெருப் பூனை எல்லாம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. மூணு வருஷமா ஒண்ணைக்கூட நான் பாக்கல."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவள் பின்னால் திரும்பி மேடத்தின் காதைத் தடவினாள்.

"பத்து குட்டி வந்துச்சுன்னா, அதையும் சேத்து இவளோட இதயம் இழுக்கணும். இழுக்குமாங்க?"

பெங்களூரில் மனசு மாறுவது சுலபம், யூ-டர்ன் கிடைப்பதுதான் கஷ்டம். இரண்டு கிலோமீட்டர் போய்த்தான் திரும்ப முடிந்தது. அதுவரைக்கும் பின் சீட்டில் மேடம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

டாக்டரம்மாவிடம், பூனையும் இல்லை, நான் விழித்திருக்கவும் இல்லை என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி கட்டலாம் என்றார். "இந்த தடவ காபி நிறைய குடிங்க சார்."

அடுத்த ஞாயிறு வீட்டில் பிரியாணி இல்லை. மத்தியானம் வெறும் மோர் சாதம். மொசைக் தரையில் அவள் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். இடுப்பு வலித்ததால் தூக்கம் வரவில்லை, அந்த எக்ஸ்ரேயால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை. ராத்திரிப் பங்கை மனைவி எழுதினாள். என் கையெழுத்தைவிட அவளுடையது அழகாக இருக்கும்.

முடிவு மாறவில்லை. அதே மாதிரிக் கோளாறு, மத்தியானத் தூக்கத்தில், நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது. வெளியே ஒன்றுமே தெரியவில்லை. குட்டி வேண்டாம், இன்றைக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டரம்மா. நல்லவேளை சீக்கிரம் தெரிந்தது என்றும் சொன்னார். என் ஆசையில் மண் விழுந்த நாளும் அவளுக்கு ஆயுசு கொஞ்சம் நீண்ட நாளும் ஒன்றுதான்.

வாத்தியாருக்குப் போன் செய்து, நோட்டு எழுதியதையும் முடிவையும் சொன்னேன். "எழுதினீங்களே, அது போதும் சார்" என்றார். பிறகு ஒரு நாள் தன் நாயையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் மைசூர்பாக். இரண்டு பெரிய உருவங்களும் ஹாலை அடைத்துக்கொண்டு படுத்தன, மனிதர்கள் மூவரும் சமையலறையில் நின்று காபி குடித்தோம். வேறு இடத்தில் தன் நாய்க்குப் பிறக்கும் குட்டியில் ஒன்று தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அது இவள் குட்டி இல்லையே.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தாள், தினமும் வெண்ணெயில் ஒளித்த மாத்திரையோடு. வெண்ணெயைத் தின்று மாத்திரையைத் துப்பும் வித்தையை அவள் கற்றாள். போன மழைக்காலத்தில் போய்விட்டாள். வெல்டிங் கடைக்காரர் இப்போது என்னைப் பார்த்தால் கண்ணாடியைக் கழற்றுகிறார், பிறகு மறுபடி மாட்டிக்கொள்கிறார்.

போனில் அவள் படங்கள் ஏராளம். எல்லாம் அவள் ஏதாவது வேடிக்கை செய்தபோது எடுத்தவை. ஒன்றுமே செய்யாமல் அவள் சும்மா இருந்த ஒரு நாள் அந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. டாக்டரம்மா ஃபைலுக்காகக் கேட்டபோது ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு ஒரிஜினலை நான் வைத்துக்கொண்டேன். சில ஞாயிறுகளில் சாப்பிட்டபின் எடுத்துப் பார்ப்பேன்.

1.20: என் மோர் சாதத்தை முகர்ந்தாள். வேண்டாம் என்று போய்விட்டாள்.

1.45: தண்ணீர். பாதி வாயில், பாதி தரையில்.

2.15: குக்கர் விசில். ஒரு காது மட்டும் எழுந்தது.

2.40: படுத்தாள். தலை என் கால்மேல். கால் மரத்துவிட்டது.

3.10: தூங்குகிறாள். நான் தூங்கவில்லை.