வலி நின்ற பிறகு

உளுந்து பிடுங்கும் நாள் பார்த்துத்தான் எனக்கு வயிற்றுவலி வரும் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். மற்ற நாட்களிலும் வரும். அது யார் கண்ணிலும் படாது. பச்சைப் பச்சையாக வாந்தியெடுத்துச் சுருண்டு விழுவேன். என் கணவர் நாகலாபுரத்தில் தொக்கம் எடுக்கிற ஒரு பெண்ணிடம் கூட்டிப்போவார். வயிற்றில் சிக்கிக்கிடக்கும் தீனியை எடுப்பதாகச் சொல்லி, அந்தம்மா வயிற்றைத் தடவி, ஊதி, கடைசியில் உள்ளங்கையில் ஒரு மாங்காய்த் துண்டைக் காட்டும். மாங்காய் கண்ணிலேயே படாத கார்த்திகையிலும் மாங்காய்தான் வந்தது. ஆனால் வலி நின்றுவிடும். அதற்கு மேல் நான் என்ன பேச முடியும்?

போன வருடம் தொக்கம் எடுத்தும் நிற்கவில்லை. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். படம் தெளிவாக விழ ஊசி வழியாக ஏற்றிய மருந்து உள்ளே போனதும் உடம்பெல்லாம் சூடு பரவியது. சிறுநீர் போய்விட்டதோ என்று வெட்கத்தில் செத்தேன். அப்புறம்தான் நிஜமான பயம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் படம் பார்த்துக்கொண்டிருந்தவர் டாக்டரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "கட்டி ஒண்ணும் இல்லம்மா. தாய் வயித்துல இருக்கும்போதே குடல் சுத்திவந்து அதது எடத்துல உக்காரணும். உங்களுக்கு உக்காரல. சிறுகுடல் பூரா வலது பக்கமே கெடக்கு. பிடிமானம் இல்லாததால அப்பப்ப முறுக்கிக்கிடுது. இத்தன நாளும் தானா அவுந்திருக்கு. ஒரு தடவ அவுழாமப் போச்சுன்னா குடல் அழுகிரும், உசுருக்கே ஆபத்து. ஆபரேஷன்தான் வழி."

கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வலி விட்டது. சுத்தமாக விட்டது. என் கணவர் முகம் தெளிந்து, செருப்பைத் தேடி எடுத்து என் காலடியில் போட்டார்.

"ஏட்டி, எந்திரி. வலிதான் நின்னுட்டுல்லா? வயித்தக் கிழிக்கணும்னு இவிய சும்மா சொல்லுதாவ. வீட்டுக்குப் போவோம்."

எனக்கும் கத்தியென்றால் நடுக்கம். எழுந்து உட்கார்ந்தும்விட்டேன். வயிற்றில் கைவைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஒன்றுமில்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறேன், சிரித்துக்கொண்டே போயிருக்கிறேன் என்று நினைத்ததும், அடுத்த முறை அது அவிழாமலே போனால் என்று தோன்றியது; செருப்பைக் காலால் தள்ளிவிட்டேன். வலித்தபோதெல்லாம் இப்படிப் பயந்ததில்லை.

"நான் வரல," என்றேன். "வலி நின்னதுதான் பயமா இருக்கு. டாக்டரக் கூப்பிடுங்க."