சிசிலியின் பெயருக்கு வந்த சோதனை

பூப்பாறையில் தோட்டக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ட்ரிப் ஜீப் ஓட்டும் ஒரே பெண் சிசிலி. நவம்பர் இருபத்திரண்டு, புனித சிசிலியா திருநாளில் பிறந்ததால் அந்தப் பெயர். பாடகர்களின் பாதுகாவலி அந்தப் புனிதை. கோயில் பாடகர் குழுவில் இருந்த அப்பா, மகளும் பாடுவாள் என்று நம்பினார். சிசிலிக்குத் தாலாட்டுகூட வராது. ஆனால் உடும்பஞ்சோலை ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் எங்களைப் பத்து வருடமாக ஒரு கீறல் படாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள்.

போன திருநாளன்று, புதிதாக வந்த பங்குச்சாமியார் பிரசங்கத்தில் பெயர்க்காரணம் சொன்னார். பழைய ரோமாபுரியில் ஒரு குலத்தின் பெயராம் அது. லத்தீனில் குருடு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம். மனக்கண்ணால் பார்த்தவள் அந்தப் புனிதை என்று அவர் முடித்ததை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வெறும் வாயை மெல்கிற ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது.

முதலில் கேலிதான். நானும் சிரித்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். பிறகு, குருடு என்று பெயர் வைத்தவள் ஓட்டினால் வண்டி பள்ளத்தில்தான் இறங்கும் என்று அது பயமாக மாறியது. எங்கள் கூட்டத்தில் மூத்தவளான பட்டு வைத்ததுதான் சட்டம். அவள் மகள் அனுப்பிரியா ஐந்து மாதக் கர்ப்பிணி. அதே தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் சகாயத்தின் ஜீப்பில் காலியாக இருந்த ஒரே இடத்துக்கு மகளை மாற்றிவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து நாம் எல்லாருமே வேறு வண்டி பார்த்து மாறிவிடலாம் என்றாள் பட்டு. நாங்கள் போய்விட்டால் சிசிலி வீட்டில் அடுப்பு எரியாது. அது தெரிந்தும் அவள் எங்களிடம் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை.

சனிக்கிழமை காலை, சாந்தன்பாறை தாண்டியதும் மூடுபனி இறங்கியது. ஜீப்பின் மூக்கே தெரியவில்லை. வலது பக்கம் பள்ளம். சிசிலி வண்டியை மலையோரமாக ஒதுக்கி எஞ்சினை அணைத்தாள். தாமதமானால் எங்களுக்கு அரை நாள் கூலி போய்விடும். சகாயத்தின் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனது. பட்டு எரிந்து விழுந்தாள்.

"பேருக்கு ஏத்த மாதிரிதான இருக்கு. அவனுக்குத் தெரியுற ரோடு ஒனக்குத் தெரியலையா?"

சிசிலி சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியலக்கா. தெரியிற வரைக்கும் வண்டி நகராது. திங்கக்கெழம யாரு வண்டியில வேணாலும் போங்க. இன்னைக்கு ஒங்க உசுரு எம்பொறுப்பு."

தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஹாரன் சட்டென்று நின்றது. அந்த ஜீப்பில்தான் மகள் இருக்கிறாள் என்பது அப்போதுதான் பட்டுக்கு உறைத்தது. போனை எடுத்தாள், ரேஞ்ச் இல்லை. மறுபடி அழுத்தினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பனி விலகியபோது ரோடு சுத்தமாக இருந்தது. மரம் விழவில்லை, மண் சரியவில்லை. தோட்டத்தில் அனுப்பிரியா நல்லபடியாகக் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அரை நாள் கூலி போனதுதான் மிச்சம். சிசிலியின் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை விடியலில் சிசிலி வெறும் ஜீப்போடு நின்றிருந்தாள். பட்டு மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன் சீட்டில் உட்கார வைத்தாள்.

"தெரியலன்னா நிப்பாட்டிரு, சிசிலி. எத்தன நாள் கூலி போனாலும் போகட்டும்."