டெலிபோன் பயம் தெளிந்த விதம்

பினாங்குக் கடற்கரைத் தெருவில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் எனக்குக் கடிதம் எழுதும் கிராணி வேலை கிடைத்தது என் கையெழுத்தால்தான். சுங்கை பாக்காப் தோட்டத்துப் பையன் இங்கிலீஷை இவ்வளவு அழகாக எழுதுகிறானே என்று துரை மெச்சினார். எழுதுவதெல்லாம் சரி, பேசத்தான் வாய் வராது. அதிலும் சுவரில் மாட்டியிருந்த டெலிபோன் என்றாலே பயம். முகம் தெரியாத வெள்ளைக்காரன் மூச்சு விடாமல் பேசுவான். நான் என்னத்தைப் பதில் சொல்ல? மணி அடித்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அந்த ஆபீஸ் பானையை அதிகம் காலி செய்தவன் நானாகத்தான் இருப்பேன்.

என்னைக் காப்பாற்றியவர் ஆபீஸ் பியூன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பள்ளிக்கூடம் போகாவிட்டாலும், கப்பல்காரர்களோடு பழகியே இங்கிலீஷ் பேசுவார். "நீ போ தம்பி, நான் பாத்துக்கிறேன்லா" என்பார். பேசி முடித்து விவரத்தை என்னிடம் சொல்வார். நான் அதை அழகாக எழுதித் துரை மேசையில் வைப்பேன். நானே பேசியதாகத் துரை நம்பிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் என் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த மூன்றாம் மாதக் கடைசியில், பியூன் பேசிக்கொண்டிருக்கும்போதே துரை அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். நான் பானைப் பக்கம் குவளையும் கையுமாக நின்றேன். இவன் ஏன் டெலிபோனைத் தொடுகிறான் என்று என்னிடம் கேட்டார்.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. "ஒன்ன யாருடா இதத் தொடச் சொன்னது?" என்று துரை காதில் விழும்படி கத்தினேன். அதுவரை அவரை அண்ணே என்று தவிர வேறு விதமாக நான் கூப்பிட்டதில்லை.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். இவர்தான் சொன்னார் என்று துரையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பிழைப்பு அன்றோடு முடிந்திருக்கும். அதற்கு வேண்டிய இங்கிலீஷ் அவருக்குத் தாராளமாகத் தெரியும். சொல்லவில்லை. டெலிபோன் குழலைத் தன் சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

கத்திய சூட்டிலேயே பேசினேன். குரல் நடுங்கவில்லை. எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுத் திருப்பியும் சொன்னேன். துரை தலையாட்டிவிட்டு உள்ளே போனார். என் வேலை நிலைத்தது.

மாலையில் மன்னிப்புக் கேட்கலாமென்று அவரிடம் போனேன். "அண்ணே" என்றேன்.

"சொல்லுங்க ஐயா" என்று எழுந்து நின்றார்.

 மறுநாள் அனுப்பவேண்டிய கடிதங்களைப் பற்றி எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். டெலிபோனுக்குப் பக்கத்திலேயே நின்றாலும் அவர் தொடமாட்டார். "ஐயா, டெலிபோன்" என்பார். நான் ஒரே எட்டில் போய் எடுப்பேன். இவ்வளவு தைரியம் எப்படி வந்தது என்று புதிதாக வரும் கிராணிகள் என்னைக் கேட்பார்கள். பழகப் பழக வந்துவிடும் என்று சொல்லுவேன். அவர் பக்கத்தில்தான் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருப்பார். நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.