வெளியார் உதவி

ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் யோகலிங்கத்தாருக்கு ஒரு வருடமாக ஒரு குரல் கேட்கிறது. பேய் பிசாசு ஒன்றுமில்லை. பதினாலு வயதுப் பிள்ளையின் குரல்.

மின் அத்தியட்சகராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் பாடசாலை ரோபோ போட்டிக்கு நடுவராக வரச் சொல்லிக் கேட்டபோது கொஞ்சம் பெருமையோடுதான் போனார். விதிமுறைத் தாள் நாலு பக்கம். ஏழாம் விதி, ‘வெளியார் உதவி பெறக் கூடாது.’ அவ்வளவுதான். வெளியார் என்றால் யார், உதவி என்றால் எதுவரை, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒன்றுமில்லை. எழுதியவர் அந்த வரியோடு தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போயிருக்க வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரே வழி கேட்பதுதான். மேசை மேசையாகப் போய், “இதை ஆர் செய்தது?” என்று கேட்டார். கடையில் வாங்கியது போல மின்னிய ரோபோக்களைக் காட்டி, “நாங்கள்தான் சேர்” என்றார்கள் பிள்ளைகள். அவர் நம்பவில்லை. ஆனால் எதை வைத்து மறுப்பது? புள்ளி போட்டார்.

கிண்ணியாவிலிருந்து வந்த சனூஸா மட்டும், “நான்தான் சேர். இந்த ஒரு வயரை மட்டும் வாப்பா ஈயம் வச்சு ஒட்டித் தந்தவர்” என்றாள். அவளுடைய தகப்பன் ஜவ்பர், வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர்.

“வெளியார் உதவி எடுக்கக் கூடாது, மகள்.”

“வாப்பா வெளியாளா சேர்?”

தாளில் அதற்கு விளக்கம் இல்லை. கையில் பேனை இருந்தது. பெயரை வெட்டினார்.

அந்தக் கேள்வி பிறகு அவரை விடவேயில்லை. குளிக்கும்போது கேட்கும். கோயிலில் கண்ணை மூடினால் கேட்கும். மனைவி சோபனா சொதி வைத்தால் ‘ஆர் செய்தது?’ என்று கேட்க வாயெடுத்து, பாதியில் நிறுத்திவிடுவார். பொய் சொன்ன பிள்ளைகளைப் பிடிக்க வழியில்லை. உண்மை சொன்ன ஒன்றுதான் அகப்பட்டது.

விதியைத் திருத்தச் சொல்லி இரண்டு கடிதம் போட்டார். இந்த வருடத் தாளிலும் ஏழாம் விதி அப்படியே இருந்தது, தடித்த எழுத்தில். சரி, கேட்காமலே விடுவோம் என்று எண்ணிக்கொண்டு போனார்.

சனூஸாவின் மேசையில் அவர் வாய் திறக்க முன்பே அவள் நிமிர்ந்து நின்றாள்.

“முழுக்க நானே செய்தது சேர். ஆரும் தொடல்ல.”

கண் இமைக்கவில்லை. உண்மையா பொய்யா என்று அவருக்கு விளங்கவில்லை. முதலிடம் அவளுக்குத்தான்.

வெளியே வரும்போது வாசலில் ஜவ்பர் ஓடிவந்து அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சந்தோசம்.

“போன முறை புள்ளைக்குக் கதைக்கத் தெரியாமப் போச்சு சேர். இந்த முறை நல்லாச் சொல்லிக் குடுத்துத்தான் அனுப்பினனான்.”