கோழிக்குத் தவிடு வைத்த தட்டு

பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்குக் கோபம் ஜாஸ்தி என்று நீங்கள் குசுகுசுப்பது என் காதிலும் விழுகிறது. உண்மைதான். அதில் பாதி என்மேலேயே எனக்குள்ள கோபம். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் செய்த ஒரு காரியத்தால் வந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவின் தங்கை எனக்கு மாமி. நர்ஸ் வேலைக்கென்று வெளிநாடு போனவள், அங்கேயே தங்கி, படமெடுக்கப் படித்து, போட்டோவும் வீடியோவும் எடுத்துப் பெரிய கூடங்களில் காட்டுகிறவளாக ஆகிவிட்டாள். பன்னிரண்டு வருஷம் கழித்து நம் ஊர் மயிலாடிக்கு வந்தாள்.

வந்த அன்று மத்தியானம், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பீங்கான் தட்டில் அம்மா அவளுக்குச் சோறு வைத்தாள். பக்கத்தில் ஒரு ஸ்பூன். மாமி கை வைக்கவில்லை.

"எனக்க தட்டு எங்க மைனி?"

"எந்தத் தட்டு?"

"எனக்க பேரு போட்டது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதா? அதுல கோழிக்குத் தவிடு வைக்கேன்."

மாமி சிரிக்கவில்லை. எழுந்துபோய் கோழிகளைத் துரத்திவிட்டுத் தட்டை எடுத்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, சோற்றை அதில் மாற்றி, தரையில் உட்கார்ந்து, மீன்கறி ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். அப்பா கல் பட்டறை வேலைக்குப் போன புதிதில், பள்ளிக்கூடம் போகிற தங்கைக்காகச் சின்ன உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் பொறித்துக் கொடுத்த தட்டு அது.

மறுநாள் கேமரா வெளியே வந்தது. காது உடைந்த வாளியை எடுத்தாள். தேங்காய் துருவுகிற குற்றியை எடுத்தாள். ஊக்கு குத்திய என் ரப்பர் செருப்பை, நான் கெஞ்சக் கெஞ்ச எடுத்தாள். நானோ கிறிஸ்மஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு குறுக்கே குறுக்கே போய் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லு மக்கா, வாளி மறையுது."

"எதுக்கு மாமி இதையெல்லாம் எடுக்குதீய?"

"அங்க எனக்க வீட்டுல உள்ள ஒரு சாமானுக்கும் என்னத் தெரியாது மக்கா" என்றாள். இது என்ன பைத்தியக்காரப் பேச்சு என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும்விட அந்தத் தட்டைத்தான் அதிகம் எடுத்தாள். சோறோடு எடுத்தாள், காலியாக எடுத்தாள். ஒரு ஈ அதன் விளிம்பைச் சுற்றி முடிக்கும்வரை வீடியோ ஓடியது. எனக்கு ஒரு போட்டோ கிடையாது.

பள்ளிக்கூடத்தில் விட்டுவைப்பார்களா? "ஏலே, ஒனக்க மாமி வாளியப் படம் புடிக்கவா பிளேன் ஏறி வந்தா? ஒனக்க மூஞ்சி வாளியவிட மோசமாலே?" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். அப்பாவும் மாமியும் முற்றத்தில் நின்றார்கள். வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அன்று காலையில்தான் ரிஜிஸ்டர் ஆபீசில் மாமி கையெழுத்துப் போட்டிருந்தாள். அதற்காகத்தான் அப்பா அவளை வரச்சொல்லியிருந்தார்.

"ரேசன் கார்டிலயாவது எனக்க பேரு இருக்கா அண்ணா?"

"அத எப்பவோ எடுத்தாச்சு. ஆளில்லாத இடத்துல பேரு எதுக்கு?"

மாமி உள்ளே போனாள்.

எல்லாம் என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. என் கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அப்பாவின் சின்ன உளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். தட்டைக் கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்து, அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினேன். கை வலித்தது. நிறுத்தவில்லை. கடைசிப் புள்ளிவரை சுரண்டினேன்.

சத்தம் கேட்டு மாமி வந்துவிட்டாள். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால், சுரண்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு நிற்கிறாள். பிறகு உள்ளே போய்க் கேமராவை எடுத்துவந்தாள்.

"எழும்பு மக்கா. தட்ட நெஞ்சோட சேத்துப் பிடிச்சுட்டு நில்லு."

என்னால் நம்ப முடியவில்லை. "தல சீவிட்டு வரட்டா மாமி?"

"சீவிட்டு வா."

நான் எண்ணெய் தேய்த்து வகிடெடுத்து, கிறிஸ்மஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வரும்வரை காத்து நின்றாள்.

அப்பா காகிதத்தில் செய்ததையே நான் உளியால் செய்து முடித்திருக்கிறேன். அவரிடம் ஒருநாளாவது "அது யாருக்க வீடு?" என்று கேட்டேனா? கேட்கவில்லை. அந்த வீட்டில்தான் நாம் இன்றும் இருக்கிறோம். மாமி அதற்கப்புறம் வரவே இல்லை.

அந்தப் படத்தை அங்கே ஒரு கூடத்தில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறாளாம். போனமாதம் போனில் அனுப்பியிருந்தாள். தட்டில் சுரண்டின இடம் வெயில்பட்டு மின்னுகிறது. அதற்கு மேலே கிறிஸ்மஸ் சட்டையில் நான், மாமி கடைசியில் என்னையும் படம் எடுத்துவிட்டாள் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.