சளிதானே என்று காத்திருக்காத அக்கா

எங்கள் அன்பு அக்கா காப்பார் என்னும் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் உழைத்து, அங்கேயே அடுக்குமாடி வீட்டில் குடித்தனம் நடத்தினார். தலைப்பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே நிமோனியாவில் போய்விட்டது. வெறும் சளிதான் என்று எல்லாரும் சொன்னார்கள், அக்காவும் நம்பினார். அந்தத் துக்கத்தோடு அவர் மூலையில் முடங்கவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் தன்னார்வலராகப் பயிற்சி பெற்று, வீடு வீடாக ஏறி இறங்கினார். மாடிப்படிகள் அவருக்குப் பொருட்டே இல்லை. மாமியார்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

இருமுகிற குழந்தையைக் கண்டால் முதலில் சட்டையைத் தூக்குவார். கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுவார். மூச்சு வேகமாக ஓடி, விலாவுக்குக் கீழே சதை உள்வாங்கினால் உடனே கிளினிக்தான். தைலம் தேய்த்துப் பார்ப்போம் என்பவர்களிடம், "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதுக்கு?" என்பார்.

ஒருமுறை எதிர் புளோக்கில், பிறந்து சில வாரமே ஆன பையனுக்கு நெஞ்சு குழி விழுந்தது. நானும் உடன் இருந்தேன். அந்த வீட்டு மாமியார் வாசலை மறித்துக்கொண்டார்.

"தீட்டு கழியாம புள்ளைய வாசப்படி தாண்ட விடமாட்டேன்."

"ஆன்டி, அப்புறம் என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க லா. இப்ப மகன காடி எடுக்கச் சொல்லுங்க."

மகன் தாயின் முகத்தையே பார்த்து நின்றார்.

"தம்பி, நான் காத்திருந்து ஒரு புள்ளைய பறிகொடுத்தவ. நீ காத்திருக்காத," என்றார் அக்கா.

மகன் கார் சாவியை எடுத்தார். பையன் ஆக்சிஜனில் இருந்து பிழைத்து வந்தான். மாமியார் வெகுநாள் அக்காவோடு பேசவில்லை. அக்கா அதற்காகக் கவலைப்படவும் இல்லை.

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் கிடந்த கடைசி மாதங்களிலும், ஒரு கையில் ஊசி, மறு கையில் போன். "சட்டைய தூக்கிக் காட்டும்மா" என்று வீடியோவில் தாய்மார்களை விரட்டுவார். உங்கள் உடம்பைப் பாருங்கள் என்று நான் சண்டை போடுவேன். இன்று சண்டை போட அக்கா இல்லை.

தகனம் முடிந்த மறுநாள் அவருடைய போன் அடித்தது. குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒரு தாய் அழுதார். கருமாதி முடியும்வரை பிறர் வீட்டுப் படி ஏறக்கூடாது, அதுவும் பச்சைப்பிள்ளை இருக்கும் வீடு என்று பெரியவர்கள் தடுத்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அக்காவைப் பேணிய தாதியருக்கும், மருத்துவமனைக்கு ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறிச் சோறு கொண்டுவந்த சித்தி குடும்பத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சாவு வீட்டுக்காரி என்று தெரிந்தும் எனக்குக் கதவைத் திறந்த அந்தத் தாய்க்கும் நன்றி. அவருடைய மகள் நலமாக இருக்கிறாள்.